இறைச்சிக்கடைக்கு மேலே ஓர் இசைத்தட்டு நிறுவனம்

இத்தாலியில், பலேர்மோ நகரின் லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை செய்யும் வீட்டில் ஓர் அறை இருக்கிறது. முதல் சில வருடங்கள் அதைத் துடைக்க எனக்கு அனுமதி இல்லை. சிஞ்ஞோரா, அந்த வீட்டு அம்மா, சாவிக் கொத்தைக் கையில் தந்த அன்றே சொல்லிவிட்டார்:

"அந்த அறை பலேர்மோ இல்லை, அயர்லாந்து. அங்கை போகவேண்டாம். நானே கேட்டுத்தான் போறனான்."

சிஞ்ஞோரா இத்தாலியனில்தான் சொன்னார். அவருடைய கணவர், எங்கள் ஐயா, அயர்லாந்துக்காரர். மனைவியோடு ஆங்கிலத்திலும் என்னோடு உடைந்த இத்தாலியனிலும் கதைப்பார். நான் எல்லாவற்றையும் எங்கள் தமிழில் போட்டே எழுதுகிறேன். என் மனதில் அது அப்படித்தான் பதிந்திருக்கிறது. ஆட்கள் சொன்னதை நான் இலேசில் மறப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தது மறந்துபோயிற்று, பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் சொன்னது நிற்கிறது. என் தலை அப்படி.

அந்த அறையின் கதவை எனக்குத் திறந்துவிட்டது தேத்தண்ணி. ஒருநாள் ஐயாவுக்குத் தடிமன், மூக்கடைப்பு. சிஞ்ஞோரா வெளியே போயிருந்தார். நான் எங்கள் வீட்டில் போடுவதுபோலச் சாயத்தைக் கடுமையாக விட்டு, பாலும் சீனியும் போட்டு ஒரு கோப்பை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐயா ஒரு வாய் குடித்தார். கோப்பையை விலக்கிப் பார்த்தார். பிறகு இன்னொரு வாய்.

"கனகாலத்துக்குப் பிறகு இந்த ஊரில ஒரு ஆள் தேத்தண்ணி போட்டிருக்கு," என்றார். "மற்றவை எல்லாம் சுடுதண்ணிக்கு நிறம் காட்டினவை."

அடுத்த நாள் அறை திறந்திருந்தது. உள்ளே கூரை முட்டப் பெட்டிகள். பெட்டி நிறைய இசைத்தட்டுகள், ஒலிநாடாக்கள், சுவரொட்டிகள், யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு சப்பாத்து. நடுவில் ஒரு மேசை. மேசையில் மடிக்காத அட்டைகள் ஓர் அடுக்கு.

"இந்த அறைக்குள்ள வாற ஆள் பத்து உறை மடிக்கவேணும்," என்றார் ஐயா. "மடிச்சால்தான் தேத்தண்ணி. இது எங்கட நிறுவனத்தின்ர சட்டம்."

"தேத்தண்ணி போடுறதே நான்தானே, சிஞ்ஞோரே?"

"அப்ப நீர் போடலாம். குடிக்கேலாது."

மடித்தேன். இசைத்தட்டை உள்ளே வைக்கும் உறை அது. நான்கு மடிப்பு, ஓர் ஒட்டு. நான் மடித்து முடித்ததும் ஐயா அவற்றை ஒவ்வொன்றாக விரித்து, தட்டி நேராக்கி, திரும்ப அடுக்கில் வைத்தார். அடுத்து வரும் ஆளுக்காம். புதுத் தட்டு வெளியிட்டுப் பல வருடங்கள் ஆகியும் சட்டம் மட்டும் நடைமுறையில் இருந்தது. ஒட்டும் இடத்துக்குப் பசை ஏன் தரவில்லை என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நான் பெட்டி துடைக்கத் துடைக்க, அவர் நாற்காலியில் இருந்து கதை சொல்வார். அயர்லாந்தில் ஒரு சின்னப் பட்டினத்தில், இறைச்சிக்கடை ஒன்றுக்கு மேலே இருந்த அறையில், அவரும் ஒரு கூட்டாளியும் அந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நிறுவனம் என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். இரண்டு நாற்காலி, ஒரு கெற்றில், ஒரு தொலைபேசி. பெயர் வைக்க நேரம் வந்தபோது கீழே இறைச்சிக்கடைக்காரரின் நாய் குரைத்ததாம். அந்த நாயின் பெயரையே வைத்துவிட்டார்கள். வானொலியில் போடாத பாட்டு, பெரிய கொம்பனிகள் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள், இவற்றைத்தான் தட்டாகப் போடுவது என்று முடிவு. என் மகள் கேட்டுவிட்டு, "அம்மா, இதுக்குப் பேர் இண்டி. பெல்லா, நல்ல வடிவு," என்றாள். சிஞ்ஞோராவிடம் கேட்டால், "ஆரோ வீடு மாறுகினம், அலுமாரியை இழுக்கினம்" என்பார். எனக்கு முதலில் சிஞ்ஞோராவின் கட்சிதான். இஸ்திரி போடும்போது கேட்டுக் கேட்டு மெல்ல மகளின் பக்கம் வந்துவிட்டேன்.

முதல் தட்டு மூன்று பெடியன்களின் குழுவுடையது. மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த பழைய நடன மண்டபத்தில் பதிந்தார்கள். தகரக் கூரை. பதியத் தொடங்க மழை வந்துவிட்டது. நிற்கும் என்று காத்திருந்தார்கள். அயர்லாந்தில் அது நிற்கிற சாமான் இல்லை. மழையோடேயே பதிந்தார்கள். தட்டு தொடங்கும்போது மழைதான் முதலில் கேட்கும், பிறகுதான் கிற்றார்.

உறை அச்சடிக்க அந்தப் பட்டினத்தில் ஓர் அச்சகம்தான் இருந்தது. செத்தவர்களின் நினைவு அட்டை அடிக்கும் அச்சகம். கையிருப்பில் இருந்த கடுதாசி எல்லாம் கறுப்புக் கரை போட்டது. வேறு கடுதாசி வர ஒரு மாதம் என்றார்களாம். சரி, அதிலேயே அடி என்றார்கள். மூன்று பெடியன்களின் படமும் சுற்றிவரக் கறுப்புக் கரையும். பக்கத்துப் பட்டினத்தில் கடைக்காரர் தட்டைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினாராம். பாட்டுக்காரப் பெடியனின் தாய்க்கு அனுதாபம் சொல்ல ஆட்கள் வந்தார்களாம். பெடியனே கதவைத் திறந்து, "வாங்கோ, இருங்கோ" என்றானாம். அனுதாபத்திலேயே பாதித் தட்டு வித்துப்போச்சு என்று ஐயா சொல்லிச் சிரிப்பார். மீதியைக் கூட்டாளியின் தமையன் ரொட்டி விற்கும் தன்னுடைய பாண் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கடை கடையாகப் போட்டார். எங்கள் தட்டு பாண் மணக்கும் என்பது ஐயாவுக்கு இன்றும் பெருமை.

இன்னொரு சட்டமும் இருந்தது. கடுதாசியில் ஒப்பந்தம் கிடையாது. எந்த முடிவு என்றாலும், தட்டுக்குச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் நேரில் வரவேண்டும். வந்து, ஆளை ஆள் பார்த்து வாயால் ஓம் சொல்லவேண்டும். அந்த நேரம் அறையில் வேறு யார் இருந்தாலும் அவர்களும் சொல்லவேண்டும். தொலைபேசியில் சொன்னது கணக்கில்லை. எழுதி அனுப்பினது கணக்கில்லை. கீழே இறைச்சிக்கடைக்காரர் மாடு வாங்குவது அப்படித்தானாம். அவரைப் பார்த்துத்தான் பழகினார்கள்.

அந்தச் சட்டத்தை ஒரே ஒருமுறை மீறியவர் ஐயாதான். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் நாற்காலியை யன்னல் பக்கம் திருப்பிவிடுவார். லண்டனில் இருந்து ஒரு பெரிய கொம்பனி அந்த முதல் குழுவைத் தங்களுக்குத் தரும்படி கேட்டு ஆள் அனுப்பியது. உடனே பதில் வேண்டும் என்றார்கள். குழுவில் இரண்டு பேர் அறையில் இருந்தார்கள். உங்களுடைய விருப்பம் என்றார்கள். பாட்டுக்காரப் பெடியன் அன்றைக்கு இல்லை. தகப்பனுக்குக் கடும் வருத்தம், ஆஸ்பத்திரியில் நின்றான். ஐயா அவனைக் கேட்காமலே, அவனுக்கும் சேர்த்து, மாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெடியனுக்கு விசயம் தெரியவந்தது பல மாதத்துக்குப் பிறகு, ஒரு மதுக்கடையில், வேறு யாரோ வாயால். அடுத்த நாள் வந்து கிற்றாரை எடுத்துக்கொண்டு போனான். அதோடு கதை பேச்சு இல்லை.

நிறுவனம் அதற்குப் பிறகும் ஓடியது. வேறு குழுக்கள், வேறு தட்டுகள். ஆங்கிலம் படிக்கப் பலேர்மோவில் இருந்து போன ஒரு பெட்டை தட்டு வாங்க மாடிப்படி ஏறி, பத்து உறை மடித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, இது தேத்தண்ணியே இல்லை என்று சண்டை பிடித்தாள். அவதான் எங்கள் சிஞ்ஞோரா. கூட்டாளி அவுஸ்திரேலியாவுக்குப் போனார். ஐயா பெட்டிகளோடு இங்கே வந்து, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து, ஓய்வும் பெற்றார். நிறுவனத்தை மூடிவிட்டீர்களா என்று யாராவது கேட்டால், "மூடேல்லை. மூச்சு எடுக்குது" என்பார்.

இப்போது கொஞ்சக் காலமாக வெளிநாட்டுப் பிள்ளைகள் எங்கிருந்தோ அந்த முதல் தட்டைக் கண்டுபிடித்துக் கேட்கத் தொடங்கினார்கள். யப்பானில் ஒரு பெடியன் அந்த மழையைக் கேட்டு அழுததாக எழுதியிருந்தான். இத்தாலியின் வடக்கே, தட்டு அடிக்கும் ஆலை ஒன்று திரும்ப அடித்துத்தர ஒத்துக்கொண்டது. ஐயாவின் முகத்தில் ரத்தம் ஊறியதை நான் பார்த்தேன். முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து முனகிக்கொண்டிருந்த மனிதர், ஊன்றுகோலோடு அறைக்குள் அங்கும் இங்கும் நடந்தார். குழுவில் மற்ற இரண்டு பேரும் கூட்டாளியும் மாரிகால விடுமுறைக்கு வந்து, இந்த வீட்டு மேசையடியில் இருந்து ஓம் சொல்லிவிட்டுப் போனார்கள். மிச்சம் பாட்டுக்காரர்.

"மெயில்ல ஓம் எண்டு எழுதி எடுத்தால் போதாதே?" என்று சிஞ்ஞோரா கேட்டார்.

"ஒருக்கா அவனுக்காக நான் கதைச்சது போதும். அவன் வந்து சொல்லட்டும். சொல்லாட்டித் தட்டு இல்லை."

தட்டு இல்லாவிட்டால் அந்த அறை வெறும் பெட்டிதான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஆலைக்காரர் அந்தக் கிழமை முடிவதற்குள் பதில் கேட்டிருந்தார்.

பாட்டுக்காரர் இப்போது ஓர் உல்லாசக் கப்பலில் கிற்றார் வாசிக்கிறாராம். அந்தக் கப்பல் வியாழக்கிழமை காலை பலேர்மோ துறைமுகத்துக்கு வந்து பின்னேரமே வெளிக்கிட்டுவிடும். ஐயா எழுதின நீளமான மெயிலுக்கு அவர் அனுப்பின பதில் இரண்டே சொல்: வியாழன் வாறன்.

ஐயாவால் துறைமுகத்துக்குப் போக முடியாது. என் வீட்டுக்காரருக்கு அதுதான் தொழில். மூன்று சில்லு வண்டியில் கப்பல்காரரை ஏற்றி ஊர் காட்டுவார். இங்கத்தைய ஆட்கள் அதை லாப்பா என்பார்கள், எங்களுக்கு அது ஓட்டோ. நான் நாயின் பெயரை ஓர் அட்டையில் பெரிதாக எழுதிப் பிடித்துக்கொண்டு துறைமுக வாசலில் நின்றேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட நெட்டை மனிதர் ஒருவர் வந்து அட்டையைப் பார்த்தார். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் ஓட்டோவில் ஏறினார்.

நேரே லிபெர்த்தாவுக்குப் போயிருந்தால் கால்மணி நேரம். என் வீட்டுக்காரர் கபோ என்ற சந்தைத் தெருப் பக்கம் திருப்பினார்.

"இஞ்சேருங்கோ, எங்கை போறியள்?"

"கப்பலில வந்த ஆளுக்குக் கபோவைக் காட்டாமல் எப்பிடியப்பா?"

"அவர் ஊர் பாக்க வரேல்லை. தீர்ப்புச் சொல்ல வந்தவர்."

"தீர்ப்புச் சொல்லுற ஆளும் மீன்கடை பாப்பார்."

சொல்லிக்கொண்டே தன்னுடைய வழக்கமான ஆங்கிலத்தைத் தொடங்கிவிட்டார். இடது பக்கம் வாள்மீன், வலது பக்கம் ஒலிவ்காய். வண்டி நத்தை மாதிரி ஊர்ந்தது. ஒரு மூலையில் நெரிசலில் நின்றபோது பாட்டுக்காரர் எழும்பி வெளியே எட்டிப் பார்த்தார். சுவர் முழுக்கச் சாவு அறிவித்தல்கள். இந்த ஊரில் செத்தவரின் பெயரைக் கறுப்புக் கரை போட்ட தாளில் அடித்துத் தெருவில் ஒட்டுவார்கள். எங்கள் ஆட்களின் கண்ணீர் அஞ்சலியும் அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். மனிதர் நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நிறுத்தி நிறுத்தி, எனக்கு விளங்கும் ஆங்கிலத்தில் சொன்னார்:

"இந்த ஊர் முழுக்க எங்கட முதல் தட்டு ஒட்டியிருக்கு."

அப்போதுதான் அவர் வாய்விட்டுச் சிரித்ததை முதல் முதல் பார்த்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், கபோவைக் காட்டினது பிழையோ என்ற கேள்வி இருந்தது.

வீட்டில் ஐயா கோட்டுப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். இரண்டு பேரும் கை கொடுக்கவில்லை.

"மெலிஞ்சு போனாய்," என்றார் ஐயா.

"நீ முழுக்கப் போயிட்டாய்," என்றார் மற்றவர்.

உள்ளே போய் அறையில் இருந்தார்கள். நான் எல்லாருக்கும் செய்வதுபோல உறை அடுக்கை அவர் முன்னால் வைத்தேன். வைத்த பிறகுதான் சிஞ்ஞோரா கண்ணைக் காட்டினார், இன்றைக்கு வேண்டாம் என்று. மனிதர் கேளாமலே மடிக்கத் தொடங்கிவிட்டார். பத்து தாண்டியும் நிறுத்தவில்லை. முகத்தைப் பார்க்காமல் இருக்க அவருக்கு ஒரு வேலை தேவைப்பட்டது போலிருந்தது. ஐயாவும் மறுபக்கத்தில் இருந்து மடித்தார். நான் தேத்தண்ணியும் பொரித்த மீன் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தேன். சிஞ்ஞோராவும் நானும் கதவோரத்தில் நின்றோம். அவர்கள் சொல்வதைச் சிஞ்ஞோரா எனக்கு மெல்ல இத்தாலியனில் சொன்னார். என் வீட்டுக்காரர் பல்கணிப் பக்கம் நின்று ரோல்ஸ் தின்றார்.

கப்பல் எப்படி என்று ஐயா கேட்டார்.

"நல்ல சாப்பாடு. நல்ல கட்டில். ஒவ்வொரு நாளும் ஆரோ எழுதின பாட்டு. கிழவிகளும் கூடச் சேர்ந்து பாடுவினம், என்னை விட நல்லாப் பாடுவினம்."

முழங்கால் எப்படி என்று பாட்டுக்காரர் கேட்டார். அயர்லாந்தில் மழை எப்படி என்று இரண்டு பேரும் கதைத்தார்கள். இரண்டு பேரும் அங்கே இல்லை. ஐயா கேள்வியைக் கேட்க வாயைத் திறப்பார், ஒரு ரோல்ஸைப் போட்டு மூடுவார். சிஞ்ஞோரா என் கையைக் கிள்ளினார். கப்பல் வெளிக்கிட அதிக நேரம் இல்லை.

கடைசியில் பாட்டுக்காரர்தான் உறையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னட்டை ஒண்டு கேக்கத்தானே கூப்பிட்டனீ?"

"ஓம். முதல் தட்டைத் திரும்ப அடிக்க—"

"அது இல்லை. அதுக்கு முந்தினது ஒண்டு கிடக்கு. லண்டன்காரர் வந்தது. அதை நீ இன்னும் என்னட்டைக் கேக்கேல்லை."

ஐயா கையில் இருந்த உறையைக் கீழே வைத்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். ஊன்றுகோல் கீழே விழுந்தது. எடுக்கப் போன என்னைக் கையால் மறித்தார். பாட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"லண்டன்ல ஒரு பெரிய கொம்பனி உங்களைக் கேக்குது. போறியோ?"

"போறன்," என்றார் பாட்டுக்காரர்.

"தெரியும்," என்றார் ஐயா. "அதாலைதான் கேக்கேல்லை."

சிஞ்ஞோரா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். தேவையும் இருக்கவில்லை. பாட்டுக்காரர் யன்னலைப் பார்த்தார், தேத்தண்ணியைப் பார்த்தார், ஆறிப்போன அதை ஒரே மூச்சில் குடித்தார்.

"சரி," என்றார். "கேட்டிட்டாய். இப்ப மற்றதைக் கேள்."

"முதல் தட்டைத் திரும்ப அடிக்கட்டோ?"

"ஓம்."

ஐயா நாற்காலியில் இருந்துவிட்டார். நாங்கள் மூச்சு விட்டோம். ஆனால் பாட்டுக்காரர் விரலைத் தூக்கினார். "சட்டம் எண்டால் சட்டம். அறையில நிக்கிற ஆக்கள் எல்லாரும் சொல்லவேணும்."

சிஞ்ஞோரா ஓம் என்றார். நான் ஓம் என்றேன். எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். அவர் கையில் இருந்த ரோல்ஸை மெதுவாக விழுங்கினார்.

"நான் அந்தப் பாட்டைக் கேக்கேல்லையே. கேக்காமல் எப்பிடி ஓம் சொல்லுறது?"

"இஞ்சேருங்கோ, கப்பல் போகப்போகுது."

"போகட்டும். நாளைக்கு ஆரும் வந்து உன்ர மனுசன் தெரியாமல் தலையாட்டினவர் எண்டு சொல்லக்கூடாது."

நான் வெட்கத்தோடு இத்தாலியனில் சொன்னேன். சிஞ்ஞோரா அதை ஆங்கிலத்தில் சொன்னார். பாட்டுக்காரர், "இந்த ஆள் சொல்லுறது சரி" என்று தட்டைத் தானே எடுத்துப் போட்டார். மழை தொடங்கியது. என் வீட்டுக்காரர் கையை நீட்டிப் பல்கணியில் மழை பெய்கிறதா என்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து நின்று கேட்டார். கிற்றார் வந்தது. குரல் வந்தது. பெடியன் குரல், ஒரே இழுவை. அறைக்குள் இருந்த வெள்ளைக் கோட்டுக்காரரின் குரலோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் இரண்டு கிழவர்களும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள்.

"இஞ்சைதான் பிழைச்சது," என்றார் பாட்டுக்காரர்.

"எனக்கு அதுதான் பிடிக்கும்," என்றார் ஐயா.

பாட்டு முடிந்தது. என் வீட்டுக்காரர் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"சொல் ஒண்டும் விளங்கேல்லை. ஆனா அந்தப் பெடியனுக்கு நல்ல பசி. அது விளங்குது. ஓம், அடியுங்கோ."

நான் சொல்லி, சிஞ்ஞோரா ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டுப் பாட்டுக்காரர் தலையை ஆட்டினார். "அண்டைக்கு நாங்கள் விடியத் தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை," என்றார்.

நாங்கள் படி இறங்கும்போதே ஐயா ஆலைக்காரரோடு தொலைபேசியில் கத்துவது கேட்டது. அவருடைய இத்தாலியன் சந்தோசம் வந்தால் இன்னும் மோசமாகும். மிச்ச ரோல்ஸைப் பையில் போட்டுப் பாட்டுக்காரர் கையில் கொடுத்தேன். இந்தமுறை என் வீட்டுக்காரர் கபோப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. சிவப்பு விளக்கு ஒன்றையும் அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

துறைமுக வாசலில் பாட்டுக்காரர் இறங்கும்போது என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. தன்னுடைய ஓட்டோ ஆங்கிலத்தில் கேட்டார், லண்டன் போயிருந்தால் பெரிய ஆளாக வந்திருப்பீர்களா என்று.

பாட்டுக்காரர் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"இல்லை," என்றார். "ஆறு மாசத்தில திருப்பி அனுப்பியிருப்பினம்." ஓரடி போய்த் திரும்பினார். "அவன்தான், உங்கட ஐயா, வந்து என்னை ஏத்தியிருப்பான், அந்தப் பாண் வானில."

பிறகு கப்பலைப் பார்த்து ஓடினார். வெள்ளைக் கோட்டில் மீன் ரோல்ஸின் எண்ணெய் நன்றாகப் பிடித்திருந்தது.